சத்தக்கா கட்டிய சுவர்

சத்தக்காவுக்குச் சுவர் கட்டத் தெரியும். செங்கல் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். ஒரு பழைய டியூப்லைட் சோக், ஒரு கண்ணாடிக் கிண்ணம், நனைந்த விரல். இவ்வளவுதான்.

டப்பிங் ஸ்டுடியோவில் படத்துக்குச் சத்தம் சேர்ப்பது அவர் வேலை. திரையில் ஒருவன் நடந்தால் இருட்டறையில் சத்தக்கா நடப்பார். அவன் ஓடினால் நின்ற இடத்திலேயே ஓடுவார். முப்பத்தேழு ஜோடி செருப்பு வைத்திருந்தார். பாதிக்கு மேல் ஆண்கள் செருப்பு. கொலைகாரனும் அவரே, வெட்டுப்பட்டு விழுகிறவனும் அவரே, கதவைத் தட்டும் போலீசும் அவரே. ஸ்டுடியோ ஆட்கள் அக்கா என்று ஆரம்பித்து, அப்புறம் சத்தக்கா ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கும் அந்தப் பெயரே வந்து சேர்ந்தது. வீட்டில் அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

சிறுவர்களுக்கான விண்வெளித் தொடர் ஒன்று வாரம் ஒருமுறை டி.வி.யில் வந்தது. கிராபிக்ஸ் என்ற சொல்லே ஸ்டுடியோவுக்குள் நுழையாத காலம். எதிரி சுடும்போது கேப்டன் ஒரு பொத்தானை அழுத்துவார். கப்பலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கவசம் எழும்பும். எதிரிகள் அதில் மோதி, உள்ளங்கைகளை விரித்துக் காற்றில் தடவிக்கொண்டு நிற்பார்கள். சத்தம் இல்லாமல் பார்த்தால் ஜன்னல் துடைக்கிறவர்கள் மாதிரி இருக்கும்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இங்க ஒரு சுவர் இருக்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. என்னதான் பண்றது?"

"காதுக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றார் சத்தக்கா.

சோக்கின் உறுமலை மைக்கில் நெருக்கமாகப் பதிந்தார். அதன்மேல் கிண்ணத்தின் விளிம்பில் நனைந்த விரலைச் சுற்றினார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும். கால் கிண்ணம் ஊற்றினால் அடிவயிற்றைத் தொடும். குண்டு வந்து மோதுவதற்கு, வெந்நீரில் ஐஸ் கட்டியைப் போட்டு அது விரிசல் விடும் சத்தத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினார். அவ்வளவுதான். சுவர் எழும்பி நின்றது. ஜன்னல் துடைத்தவர்கள் திடீரென்று மாட்டிக்கொண்டவர்கள் ஆனார்கள்.

அன்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது ஒன்பது வயது மகள். "அடியில பிடி. விளிம்புல கை படக்கூடாது. மூச்சு விடாதே" என்று சொல்லியிருந்தார். மகள் மூச்சு விடவில்லை. பதிவு முடிந்ததும் கேட்டாள்.

"அம்மா, சுத்தியும் சுவர் இருந்தா உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து எப்படி வரும்?"

"அடுத்த வாரம் வரும். இப்ப கிண்ணத்தைக் கழுவி வை."

அந்தக் கேள்விதான் அவளை இயற்பியல் படிக்க வைத்தது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். பாதி உண்மை. மீதி, வேறு எதற்கும் மார்க் வரவில்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வந்தவள், சாப்பாட்டு மேஜையில் அம்மாவின்மேல் வழக்குத் தொடுத்தாள்.

"நீ பண்ணினது எல்லாம் பொய்ம்மா. விசைப் புலம் அப்படி இருக்காது."

"அப்படியா? நிஜம் எப்படி இருக்கும், காட்டு."

மகள் ஒரு காந்தத்தை மேஜைமேல் வைத்தாள். குண்டூசி ஒன்றை விரலால் மெல்ல நகர்த்தினாள். ஓர் இடத்தில் ஊசி தானாகத் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

சத்தக்கா அந்த இடத்தில் விரலை வைத்தார். "இதோ, இங்க இருக்கு உன் சுவர்."

"இல்லம்மா. அந்த இடத்துல உராய்வு தோத்துப்போச்சு, அவ்வளவுதான். புலம் அதுக்கு முன்னாடியும் இருக்கு. இந்த ரூம் பூரா இருக்கு. தெருவுலயும் இருக்கு. தூரம் போகப் போகக் குறையும். ஆனா முடியாது."

"எங்கயுமே முடியாதா?"

"எங்கயும்."

"உங்க அத்தை மாதிரி. ஊருக்குப் போனாலும் வீட்டை விட்டுப் போக மாட்டாங்க."

மகள் சிரிக்கவில்லை. அந்த வயதில் அவளுக்கு அறிவியலில் சிரிப்பு கிடையாது. "புலம்னா ஒரு பொருள் இல்லம்மா. ஒவ்வொரு இடத்துலயும் எழுதி வச்ச ஒரு குறிப்பு மாதிரி. இங்க ஒரு ஊசி வந்தா இந்தப் பக்கமா இவ்வளவு பலமா இழுக்கணும்னு. ஊசி வராட்டா ஒண்ணும் நடக்காது. குறிப்பு மட்டும் அங்கயே இருக்கும்."

"மரக்கரண்டி வந்தா?"

"கண்டுக்காது."

"அப்ப ஆள் பார்த்து அடிக்குதுன்னு சொல்லு."

"நிஜமான சுவர் வேணும்னா இதோ" என்று மகள் மேஜையைத் தட்டினாள். "என் கை மேஜைக்குள்ள போகல பாரு. ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒட்டறதே இல்ல. எலக்ட்ரானுக்கு எலக்ட்ரான் இடம் விடாது, தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் தொடுறதுன்னு சொல்றோம்."

"அப்ப நான் உன்னைத் தொட்டதே இல்லையா?"

"ஒரு வகையில இல்ல."

சத்தக்கா எட்டி அவள் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். "இது எந்த வகை?"

*

மகளுக்கு எம்.ஆர்.ஐ. மெஷின்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. சுரங்கம் மாதிரி ஒரு பெரிய காந்தம். மனிதரை உள்ளே படுக்க வைத்தால் உடம்புக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும். பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்கு. சாவி, கத்தரிக்கோல், ஆக்ஸிஜன் சிலிண்டர், எதையும் தூக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புது மெஷின் நிறுவியதும் கையில் ஓர் அளவுமானியைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி நடக்க வேண்டும். பூமியின் காந்தத்தில் பத்து மடங்காக முள் ஏறும் இடத்தில் தரையில் சிவப்பு டேப் ஒட்ட வேண்டும். உடம்புக்குள் கருவி வைத்தவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் கருவி, இப்படி. டேப் ஒட்டுவதில் அவள் கில்லாடி. குமிழ் இல்லாமல், கோணல் இல்லாமல் ஒட்டுவாள்.

"முடியாத ஒண்ணுக்கு நீ கோடு போடறியா?" என்று சத்தக்கா போனில் கேட்டார்.

"மனுஷங்களுக்கு ஒரு கோடு வேணும்மா. இல்லாட்டா நிக்க மாட்டாங்க."

"இதைத்தானே நான் அப்பவே பண்ணினேன்? பொய்னு சொன்ன."

சத்தக்காவின் ஐம்பத்துநான்காவது வயதில் காதல் படம் ஒன்றின் பதிவு நடந்தது. கதாநாயகி மாடிப்படி இறங்குகிறாள். ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, அந்தப் பொண்ணு படி இறங்கற மாதிரி இல்ல. கண்ணாடிக் கடையை உடைக்கற மாதிரி இருக்கு."

சத்தக்காவுக்கு அது மெதுவாகத்தான் கேட்டிருந்தது. அதனால் ஓங்கி மிதித்திருந்தார். ஒரு வருடத்தில் இடது காது முழுக்கப் போயிற்று. நரம்பே செத்துவிட்டது என்றார் காது டாக்டர். வலது காதும் ஏறக்குறையப் போயிருந்தது; அதற்குள் கருவி வைக்கலாம் என்றார். தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் காந்தம். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டு. வட்டிலும் காந்தம் உண்டு. தோலுக்கு மேலிருந்து உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நின்றால்தான் சத்தம் உள்ளே போகும்.

மூன்று மாடல்கள் இருந்தன. மகள்தான் தேர்ந்தெடுத்தாள். வேறு யார் தேர்ந்தெடுப்பது? மூன்றின் விவரப் புத்தகங்களையும் வரி வரியாகப் படித்து ஓர் அட்டவணை போட்டாள். சுருதி வித்தியாசத்தை நன்றாகக் காட்டும் மாடல் எதுவோ அதற்கு டிக் போட்டாள். அதே புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமானால் அறுவை செய்து காந்தத்தை அகற்ற வேண்டும். மற்ற இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்த வரியை அவள் படித்தாள். புரியாமல் அல்ல, புரிந்து படித்தாள். உலகத்தில் அந்த வரியைப் புரிந்துகொள்ள அவளைவிடத் தகுதியானவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கலாம். காதுக்கு வைத்தியம் பார்க்கிறோம், தலைக்கு என்ன வரப்போகிறது என்று பக்கத்தைத் திருப்பினாள்.

கருவி வைத்த முதல் மாதம் சத்தக்கா எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாரும் ரோபோ மாதிரிப் பேசறீங்க. நான் சத்தம் போட்ட சீரியலுக்குள்ளயே என்னைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கு." அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிப் பழகினார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் முதலில் வந்தது. பேப்பர் கசங்குவது. மழை ஏழாவது மாதம்தான் மழையாக ஆயிற்று.

சத்தக்காவின் தம்பி அவர்களோடு இருந்தார். போஸ்ட் ஆபீசில் முப்பது வருடம் தபால் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவர். அக்கா தலையில் காந்தம் இருப்பது அவருக்குப் பெரிய வாய்ப்பாகப் போயிற்று. ஹேர்பின் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார். பேப்பர் கிளிப் ஒட்டிப் பார்த்தார்.

"அக்கா, பிரிட்ஜ் கதவுல இடமில்ல. வாங்க வேண்டிய சாமான் லிஸ்டை உன் தலையில ஒட்டிடட்டுமா?"

"ஒட்டு. அதுல முதல்ல உனக்கு மூளை வாங்கணும்னு எழுது."

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. அவ்வளவுதான் போயிற்று.

*

முதலில் இடது கையிலிருந்து கரண்டி விழுந்தது. சத்தக்கா அதைப் பார்க்கவில்லை, கேட்டார். "ஸ்டீல் கரண்டி, மொசைக் தரை. யார் போட்டா?" என்றார். அவரேதான் போட்டிருந்தார்.

அப்புறம் சொற்கள் விழுந்தன. கதவைக் காட்டி, "அந்த... திறக்கற... அதைச் சாத்து" என்றார். தம்பி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

நரம்பு டாக்டர் சி.டி. ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். "ஒரு மூட்டம் தெரியுது. காதுக் கருவியோட நிழல் வேற குறுக்க விழுது. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் கத்தி வைக்கலாமா, வேண்டாமான்னு சொல்ல முடியும்."

"அதுக்குக் காந்தத்தை எடுக்கணும்" என்றாள் மகள்.

"உங்களுக்கே தெரியுமே."

வெளியே நாற்காலியில் காத்திருந்த தம்பி கேட்டார். "நீதானே அந்த மெஷினுக்கு இன்ஜினியர்? ஒரு பத்து நிமிஷம் அந்தக் காந்தத்தை அணைச்சுட்டு எடுத்துடேன்."

"அணைக்க முடியாது மாமா. உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கு, பயங்கரக் குளிர்ல. அதுல ஒரு தடவை கரண்ட் ஏத்தினா நிக்காது. யாரும் தள்ளாமலேயே சுத்திட்டே இருக்கும். நாங்க மெஷினை வச்ச நாள்ல இருந்து சுத்துது. கரண்ட் போனாலும் காந்தம் போகாது."

"கொறைக்கவாவது முடியாதா?"

"கொறைச்சா படம் வராது. காந்தம்தான் மாமா பார்க்கறதே."

"அப்ப என்னத்துக்கு இன்ஜினியர்?" என்றார் தம்பி. அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

வீட்டில் கணக்கு எளிமையாக இருந்தது. காந்தம் இருந்தால் கேட்கும், தெரியாது. காந்தத்தை எடுத்தால் தெரியும், கேட்காது. காயம் ஆறியதும் மறுபடி காந்தத்தை வைத்துவிடலாம் என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். மகள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற?" என்றார் சத்தக்கா.

"தெரியாம எப்படிம்மா? கத்தி வைக்கற மாதிரி இருந்தா? அதை விட்டுட்டு உட்கார்ந்திருக்கறதா?"

சத்தக்கா மறுநாள் காலையில், "உன் சுவரைக் காட்டு. அப்புறம் சொல்றேன்" என்றார்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காந்த அறைக் கதவுக்கு முன்னால் மூன்றடி தள்ளித் தரையில் சிவப்பு டேப். ஏழு வருடத்துக்கு முன் அவளே ஒட்டியது. ஒரு முனை லேசாக உரிந்திருந்தது; குனிந்து தேய்த்து ஒட்டினாள்.

"இதுக்கு மேல வரக்கூடாதும்மா."

சத்தக்கா கால்விரல் நுனி டேப்பில் படாமல் நின்றார். உள்ளே யாருக்கோ ஸ்கேன் நடந்துகொண்டிருந்தது. கதவு வழியாக டக் டக் டக் என்று அடிக்கும் சத்தம். சட்டென்று மாறித் தகரத்தைப் பிராண்டுவது போல ஒன்று. சத்தக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது சுவர் சத்தம் இல்ல. யாரோ சுவரை இடிக்கற சத்தம்."

"காந்தம் இல்லம்மா அது. உள்ள இருக்கற சின்னச் சுருள்கள் அதிருது. பெரிய காந்தத்துக்குச் சத்தமே கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாது."

சத்தக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். இடது கை பாதிதான் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு மேலே, காற்றில், இல்லாத கண்ணாடியைத் தடவினார், அந்தப் பழைய தொடரின் எதிரிகளைப்போல. டெக்னீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை இழுத்துக்கொண்டான்.

"சத்தமில்லாத சுவரை யார்டி கட்டுவாங்க?" என்றார். "போறவங்க வர்றவங்க எல்லாம் மோதிக்க மாட்டாங்களா?"

மகளுக்கு நாற்பத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். அந்த வரியை நான் படித்தேன் என்று சொல்ல நினைத்தாள். "போலாமா?" என்றுதான் வந்தது.

லிஃப்டில் சத்தக்கா சொன்னார். "எடுத்துடு. நீ தெரியாம இருக்கமாட்ட. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

*

காந்தத்தை எடுத்த ஐந்தாம் நாள் ஸ்கேன். மகளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு சிவப்புக் கோட்டைத் தாண்டினாள். உலகத்தின் மிக இரைச்சலான மெஷினுக்குள் காது அடைக்காமல் போன நோயாளி சத்தக்கா ஒருவராகத்தான் இருப்பார். வெளியே வந்ததும் மகள் காகிதத்தில் எழுதிக் கேட்டாள்: பயமா இருந்ததா? சத்தக்கா தலையாட்டி மறுத்தார். "வயித்துல கேட்டுது" என்றார், சற்று உரக்க. தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பே மகள் பார்த்துவிட்டாள். அவள் டாக்டர் இல்லை. ஆனால் படம் சரியாக வருகிறதா என்று சோதிப்பதற்காகவே ஆயிரக்கணக்கான மூளைகளைப் பார்த்தவள். துண்டு துண்டாகப் படங்கள் திரையில் இறங்கின. பதினான்காவது துண்டில் வெள்ளையாக ஒன்று வலது பக்கத்திலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போயிருந்தது. கோட்டைத் தாண்டினால் கத்தி வைக்க மாட்டார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அவள் வாழ்நாளில் முதல் தடவையாக மெஷின் பழுதாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள். சில சமயம் தலையைச் சுற்றி மாட்டும் ஏற்பிச் சுருளில் ஓர் இணைப்பு தளர்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். பிற்பகலில் நோயாளிகள் இல்லாத இடைவெளியில், சோதனைக்காக வைத்திருக்கும் தண்ணீர் உருண்டையை மேஜையில் ஏற்றினாள். அம்மாவின் தலை இருந்த அதே இடத்தில் வைத்தாள். அதே ஸ்கேனை ஓட்டினாள். படம் வந்தது. சுத்தமான, சாம்பல் நிற, குறையே இல்லாத வட்டம். மறுபடி ஓட்டினாள். மறுபடி வட்டம். எல்லா அளவும் வரம்புக்குள். அந்த மெஷினை அவள் அவ்வளவு நன்றாக வைத்திருந்தாள்.

நரம்பு டாக்டர் நிதானமாகச் சொன்னார். கத்தி வேண்டாம். மருந்து கொடுக்கலாம், வீக்கம் குறையும். மாதங்கள் என்று சொன்னார், எண் சொல்லவில்லை.

காது டாக்டர் காயத்தைப் பார்த்தார். "இந்த மருந்து ஓடறப்போ மறுபடி அறுத்தா ஆறாது. எட்டு வாரத்துல இன்னொரு ஸ்கேன் வேற கேட்டிருக்காங்க. காந்தத்தைத் திருப்பி வைக்கறது இப்ப வேண்டாமே."

"அப்ப காது?"

"கருவி உள்ள நல்லாத்தான் இருக்கு. வட்டைப் பிடிச்சு நிறுத்தத்தான் எதுவும் இல்ல. ஒரு பேண்ட் கட்டிப் பாருங்க."

துணிப் பட்டை கட்டினார்கள்; தலையணையில் திரும்பினால் நழுவியது. மருத்துவ டேப் ஒட்டினார்கள், தோல் உரிந்தது. தொப்பி போட்டார்கள்; சத்தக்கா கழற்றி எறிந்தார். கடைசியில் மகள் வட்டை எடுத்து, பழைய இடத்தில் வைத்து, ஆள்காட்டி விரலால் பிடித்தாள். வட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"மா, கேக்குதா?"

சத்தக்காவின் முகம் திரும்பியது. "எங்கடி போயிருந்த இவ்வளவு நாளா?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அல்லது ஒருவரின் ஒரு கை. மகள் நீண்ட விடுப்பு எடுத்தாள். காலையில் அவள் பிடிப்பாள். அவள் குளிக்கப் போனால் தம்பி பிடிப்பார். முப்பது வருடம் தபால் பிரித்த கை, பலமாக அழுத்துவார்.

"டேய், ஸ்டாம்பா ஒட்டறே?"

"ஒட்டி அனுப்பினா எங்கயாவது நல்ல இடமாப் போய்ச் சேரட்டும்னுதான் அக்கா" என்றார் தம்பி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சத்தக்கா விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி வட்டை மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகு நேரம் முகம் கழுவினார்.

விரல் மரத்துப் போகும். தோள் கழன்றுவிடும் போல வலிக்கும். கையை மாற்றும் ஒரு நொடியில் பச்சை அணையும். சத்தக்காவின் கண்கள் உடனே அறையைத் தேடும். கையெழுத்துப் போட, மாத்திரை பிரிக்க, போன் எடுக்க, எதற்குக் கை எடுத்தாலும் அதே கண்கள். காந்தம் இந்த வேலையை ஆறு வருடம் முணுமுணுக்காமல் பார்த்தது. ஒரு குண்டுமணி அளவுக் காந்தம்.

ஏழாவது வாரத்தில் ஒரு மத்தியானம் சத்தக்கா, "அந்த... சுத்தற... விரல் வச்சு..." என்று காற்றில் வட்டம் போட்டார். மகளுக்குப் புரிந்தது. கண்ணாடிக் கிண்ணம் இன்னும் அலமாரியில் இருந்தது. கொண்டுவந்தாள். சத்தக்கா வலது உள்ளங்கையில் அடியைத் தாங்கிப் பிடித்தார். மகள் இடது கையால் வட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது விரலை வாயில் வைத்து நனைத்தாள்.

"எச்சி பண்ணாதேடி."

"வேற வழியில்லம்மா. ரெண்டு கைதான் இருக்கு."

விளிம்பில் சுற்றினாள். கீச்சென்று வழுக்கியது. மறுபடி. மூன்றாவது தடவை கிண்ணம் பிடித்துக்கொண்டது. மெல்லிய, உயரமான, நீண்ட ஒலி. சத்தக்கா கண்ணை மூடிக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"மேல நிக்குது. இறக்கு. தண்ணி ஊத்து."

தண்ணீர்க் குடம் அறையின் அந்தக் கோடியில், ஆறு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. தம்பி மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. இதோ வந்துடறேன்." கையை எடுத்தாள். பச்சை அணைந்தது. சத்தக்கா கிண்ணத்தைப் பிடித்தபடி, அவள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம்" என்றார், மிக உரக்க.

அவள் தண்ணீரோடு திரும்பியபோது கிண்ணம் மார்பில் சாய்ந்திருந்தது. சத்தக்கா தூங்கிவிட்டார். மகள் வட்டை வைத்துக் கூப்பிட்டாள். கால் கிண்ணம் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பி வந்தார். விளக்கு போட்டார்கள். சத்தக்கா விழித்தபோது கண்ணில் ஆள் இருந்தது, வாயில் சொல் இல்லை. அதன் பிறகு முழு வாக்கியம் எதுவும் வரவில்லை. 'சீக்கிரம்' கடைசி.

சுவர் சரியான சுருதியில் இறங்கவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அவள் தண்ணீர் அளந்து ஊற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒலி அடிவயிறுவரை இறங்கியது. கேட்கிற முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

இன்னும் பதினோரு நாள். மகள் கையை எடுக்கவில்லை. தம்பி அவளுக்குச் சாப்பாட்டை ஊட்டிவிட்டார். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, வாசலில் யார் போகிறார்கள், எதிர்வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் சொன்னார். மகள் நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு முறை அல்ல, பல முறை. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு, வட்டும் உள்ளே இருக்கும் கருவியும் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும். அதற்கு அப்பால் போய்ச் சேர்ந்ததா என்று அளக்க அவளிடம் கருவி எதுவும் இல்லை.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, தினமும் வீட்டுக்கு வரும் நர்ஸ் சத்தக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். "விட்டுடுங்கம்மா" என்றார்.

மகள் விடவில்லை. பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு உயிர் தேவையில்லை, தூரம் போதும். தம்பி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மரத்துப்போன விரல்கள், பிரித்தது அவளுக்குத் தெரியவில்லை.

வட்டு தலையணையில் விழுந்தது. ஒட்டிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.